பிஎச்பியில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் தகராறு: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (குவெரியில் மதிப்பு வரும் இடத்தில் ? போன்ற பிளேஸ்ஹோல்டரை வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறை) ஓடவில்லை என்றதும் பலர் செய்யும் முதல் காரியம், மதிப்பை நேராகக் குவெரிக்குள் ஒட்டிவிடுவது. குவெரி ஓடிவிடும். கூடவே எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கும் வழி திறந்துவிடும், அதாவது பயனர் அனுப்பும் எழுத்தே கட்டளையாக ஓடிவிடலாம். கீழே வரும் எந்தப் பிழைக்கும் அது தீர்வு அல்ல. ஒவ்வொன்றுக்கும் நேரான வழி இருக்கிறது. பலவற்றுக்கு ஒரு வரியை மாற்றினாலே போதும்.

இங்கே சொல்வதெல்லாம் பிஎச்பி 7.4 முதல் 8 வரிசைப் பதிப்புகள் வரை பொருந்தும். தரவுத்தளம் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி. போஸ்ட்கிரெஸ் வரும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டும்

ஒன்று, பிழை வெளியே தெரிகிறதா? பிஎச்பி 8.0-க்கு முன் பிடிஓ (பல தரவுத்தளங்களோடு பேசும் பிஎச்பி இடைமுகம்) தன் பிழைகளை வாய்திறந்து சொல்லாது. எர்ரர் மோட் இயல்பாகவே ‘சைலன்ட்’. 8.0 முதல் இயல்பு நிலை எக்ஸெப்ஷன். மைஎஸ்கியூஎல்லுக்கென்றே உள்ள இன்னொரு இடைமுகமான மைஎஸ்கியூஎல்ஐயில் இந்த மாற்றம் 8.1-இல்தான் வந்தது. பழைய பதிப்பில் இருந்தாலும், புதிய பதிப்பில் யாரோ பழைய அமைப்பை ஒட்டி வைத்திருந்தாலும், பிழை விழுங்கப்பட்டுவிடும். பிடிஓ என்றால் இணைப்பைத் திறக்கும் ஆப்ஷன் அரேயிலேயே எர்ரர் மோட் எக்ஸெப்ஷன் என்று கொடுங்கள். மைஎஸ்கியூஎல்ஐ என்றால், இணைப்பைத் திறப்பதற்கு முந்தைய வரியில் மைஎஸ்கியூஎல்ஐ_ரிப்போர்ட்டை அழைத்து ‘எர்ரர்’, ‘ஸ்ட்ரிக்ட்’ இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் டிஸ்ப்ளே_எர்ரர்ஸ் அணைந்தே இருக்க வேண்டும், லாக்_எர்ரர்ஸ் எரிய வேண்டும். இணைப்புப் பிழையைப் பிடிக்காமல் விட்டால் தரவுத்தளப் பயனர்பெயரும் சில சமயம் கடவுச்சொல்லும் திரையில் வந்து நிற்கும். இது நடந்த தளங்கள் ஏராளம்.

இரண்டு, பிரிப்பேர் எங்கே நடக்கிறது? குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மைஎஸ்கியூஎல்லோடு பேசும் பிடிஓவில் ‘எமுலேட் பிரிப்பேர்ஸ்’ என்ற ஆப்ஷன் இயல்பாகவே எரிந்திருக்கும். அப்போது சர்வருக்குப் பிளேஸ்ஹோல்டர் போவதே இல்லை. பிஎச்பி பக்கத்திலேயே மதிப்புகளை மேற்கோளிட்டுச் செருகி, முழுக் குவெரியாக அனுப்பிவிடும். அதை அணைத்தால்தான் உண்மையான பிரிப்பேர் சர்வரில் நடக்கும். மைஎஸ்கியூஎல்ஐயில் இந்தப் போலி முறை கிடையாது, எப்போதும் சர்வரில்தான். ஒரே குவெரி ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் விழுவதற்கு இந்த ஒரு ஆப்ஷன் வேறுபட்டிருப்பதே காரணமாக இருக்கும்.

எது நடக்கிறது என்று சந்தேகமாக இருந்தால், சோதனைச் சர்வரில் ஜெனரல்_லாகை எரியவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பதிவில் ‘பிரிப்பேர்’, ‘எக்ஸிகியூட்’ என்று தனித்தனி வரிகள் வந்தால் சர்வரில் நடக்கிறது. ‘குவெரி’ என்று ஒரே வரி வந்தால் எமுலேஷன். பார்த்து முடித்ததும் லாகை அணைத்துவிடுங்கள், டிஸ்க் வேகமாக நிரம்பும்.

புதிதாக எழுதும் எதற்கும் நான் வைக்கும் அமைப்பு இது: டிஎஸ்என்னிலேயே (பிடிஓவுக்குக் கொடுக்கும் இணைப்பு விவரச் சரம்) கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4, எர்ரர் மோட் எக்ஸெப்ஷன், எமுலேட் பிரிப்பேர்ஸ் அணைப்பு, ஃபெட்ச் மோட் அசோசியேட்டிவ். எமுலேஷன் ஆபத்தானது என்று ஒரு பேச்சு உண்டு. கேரக்டர் செட்டை டிஎஸ்என்னில் சரியாகக் கொடுத்திருந்தால் அது பாதுகாப்பானதுதான். அதை அணைக்கச் சொல்வதற்கு என் காரணம் வேறு: தவறான குவெரி உடனே தவறு என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ‘குட் நாட் ஃபைண்ட் டிரைவர்’

பிடிஓ இருக்கிறது, அதற்கான மைஎஸ்கியூஎல் டிரைவர் இல்லை. முதலில் டிஎஸ்என்னின் முதல் சொல்லைப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும், முன்னால் ஒரு இடைவெளி இருந்தாலும் இதே பிழைதான் வரும். அது சரியென்றால் பிடிஓ_மைஎஸ்கியூஎல் எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்டிருக்கிறதா, பிஎச்பி.ஐஎன்ஐயில் அந்த வரிக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டெர்மினலில் பார்த்தால் டிரைவர் இருக்கிறது, பிரவுசரில் மட்டும் பிழை என்றால் குழம்ப வேண்டாம். கட்டளை வரிப் பிஎச்பிக்கும் வெப் சர்வர் பயன்படுத்தும் பிஎச்பிக்கும் தனித்தனி ஐஎன்ஐ கோப்பு இருக்கும்; சில சமயம் பதிப்பே வேறாக இருக்கும். பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, எந்த ஐஎன்ஐ ஏற்றப்பட்டது என்ற வரியைப் படியுங்கள். திருத்திய பிறகு பிஎச்பி-எஃப்பிஎம்மையோ வெப் சர்வரையோ மறுதொடக்கம் செய்யாமல் மாற்றம் தெரியாது. பார்த்து முடித்ததும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தை நீக்கிவிடுங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் கன்ட்ரோல் பேனலில் எக்ஸ்டென்ஷன் பட்டியலே இல்லையென்றால், ஹோஸ்டிங் ஆதரவுக் குழுவிடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: பூலியன் மீது பைண்ட்_பேரமை அழைத்ததாக ஃபேட்டல் எர்ரர்

பைண்ட்_பேரம் வரியில் பிழை காட்டும், ஆனால் கோளாறு அதற்கு முந்தைய பிரிப்பேர் வரியில். பிரிப்பேர் தோற்று ‘ஃபால்ஸ்’ திருப்பியிருக்கிறது, அதைக் கவனிக்காமல் அடுத்த வரி ஓடியிருக்கிறது. மேலே சொன்ன மைஎஸ்கியூஎல்ஐ_ரிப்போர்ட்டை எரியவிட்டால் உண்மையான காரணம் தானாக வெளியே வரும். பெரும்பாலும் டேபிள் பெயர் அல்லது நெடுவரிசைப் பெயரில் எழுத்துப்பிழை. அடுத்தது, மைஎஸ்கியூஎல்லின் ஒதுக்கப்பட்ட சொல்லை நெடுவரிசைப் பெயராக வைத்தது; ‘ஆர்டர்’, ‘குரூப்’, ‘கீ’ போன்றவை. பதிப்பு உயர்த்திய பிறகு திடீரென்று வந்தால் ‘ரேங்க்’ போன்ற பெயர்களைத் தேடுங்கள், அது மைஎஸ்கியூஎல் 8.0-இல்தான் ஒதுக்கப்பட்ட சொல்லானது. பெயரைச் சுற்றி பேக்டிக் போட்டால் தீரும்.

லினக்ஸ் சர்வரில் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாக முக்கியம், விண்டோஸில் கண்டுகொள்ளாது. ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற புகாரைக் கேட்டதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அறிகுறி: எஸ்கியூஎல்ஸ்டேட் எச்ஒய்093, ‘இன்வேலிட் பேராமீட்டர் நம்பர்’

பிடிஓவில் அதிகம் புலம்ப வைக்கும் பிழை இதுதான். குவெரியில் உள்ள பிளேஸ்ஹோல்டர்களும் நீங்கள் கொடுத்த மதிப்புகளும் பொருந்தவில்லை என்பதே இதன் பொருள், ஆனால் பொருந்தாமல் போக வழிகள் பல. எளிதானதிலிருந்து பாருங்கள்.

எண்ணிக்கை. குவெரியில் எத்தனை கேள்விக்குறி, அரேயில் எத்தனை மதிப்பு என்று விரல்விட்டு எண்ணுங்கள். நீளமான இன்சர்ட்டில் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கேள்விக்குறியை மறப்பது சகஜம்.

மேற்கோளுக்குள் சிக்கிய பிளேஸ்ஹோல்டர். லைக் '%?%' என்று எழுதினால் அந்தக் கேள்விக்குறி வெறும் எழுத்து. பிளேஸ்ஹோல்டரை மேற்கோள் இல்லாமல் லைக் ? என்று விட்டுவிட்டு, சதவீதக் குறிகளை மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள். சாதாரண எழுத்து மதிப்புக்கும் '?' என்று மேற்கோள் போடுபவர்கள் இருக்கிறார்கள். பிளேஸ்ஹோல்டரைச் சுற்றி எப்போதும் மேற்கோள் வேண்டாம்.

தேவையில்லாத சாவி. படிவத்திலிருந்து வந்த போஸ்ட் அரேயை அப்படியே எக்ஸிகியூட்டுக்குக் கொடுத்தால், குவெரியில் இல்லாத பெயர் ஒன்று இருந்தாலே பிழைதான். சமர்ப்பி பொத்தானின் பெயர்கூட உள்ளே வந்திருக்கும். வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எடுத்துக் கொடுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

ஓட்டை விழுந்த அரே. இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அரே_ஃபில்டர் போட்டு வெற்று மதிப்புகளை நீக்கியிருப்பீர்கள். எண்ணினால் சரியாக இருக்கும், ஆனால் சாவிகள் 0, 2, 3 என்று இருக்கும். கேள்விக்குறி முறையில் பிடிஓ சாவியை வைத்துத்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. அரே_வேல்யூஸ் ஒருமுறை போட்டு வரிசையைச் சீராக்கினால் போதும். பைண்ட்வேல்யூவில் கையால் எண் கொடுத்தால் அது 1-இல் தொடங்க வேண்டும், 0-இல் அல்ல.

ஒரே பெயர் இரண்டு முறை. :தேடல் என்பதைத் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் தேட ஒரே குவெரியில் இரண்டு இடத்தில் போட்டிருந்தால், எமுலேஷன் எரிந்திருக்கும்வரை ஓடும், அணைத்தால் விழும். எமுலேஷனை அணைத்த அன்றே தளத்தில் தேடல் பெட்டி மட்டும் உடைந்தால் இதுதான். :தேடல்1, :தேடல்2 என்று பிரித்து, இரண்டுக்கும் மதிப்பைக் கொடுங்கள். உண்மையான குவெரியில் பெயர்கள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில் மட்டும் இருக்கட்டும்; நடுவில் ஹைஃபன் வந்தால் பெயர் அங்கேயே வெட்டுப்படும்.

கலப்பு. ஒரே குவெரியில் கேள்விக்குறியும் பெயரிட்ட பிளேஸ்ஹோல்டரும் சேர்ந்து வரக்கூடாது.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: ஜேசன்பி நெடுவரிசையில் சாவி இருக்கிறதா என்று பார்க்கும் ஆபரேட்டரே கேள்விக்குறிதான். பிடிஓ அதைப் பிளேஸ்ஹோல்டராக எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குழப்பும். பிஎச்பி 7.4 முதல் ?? என்று இரட்டையாக எழுதினால் ஆபரேட்டராகவே போகும்.

மைஎஸ்கியூஎல்ஐயில் இதே பிழைக்கு வேறு பெயர்: வகை எழுத்துகளின் எண்ணிக்கையும் மாறிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று வரும். வகைச் சரத்தில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு எழுத்து: எழுத்து மதிப்புக்கு எஸ், முழு எண்ணுக்கு ஐ, தசமத்துக்கு டி, பைனரிக்கு பி. காற்புள்ளியோ இடைவெளியோ அங்கே வரக்கூடாது. பிஎச்பி 8.1 முதல் மதிப்புகளை எக்ஸிகியூட்டுக்கே அரேயாகக் கொடுக்கலாம், வகை எழுத்துத் தலைவலியே இல்லை. 8.2-இல் வந்த எக்ஸிகியூட்_குவெரி, பிரிப்பேர் முதல் முடிவு வரை ஒரே அழைப்பில் செய்துவிடும்.

அறிகுறி: லிமிட் போட்ட இடத்தில் 1064 சின்டாக்ஸ் பிழை

பிழைச் செய்தியில் '10' என்று எண்ணைச் சுற்றி மேற்கோள் தெரிகிறதா? எமுலேஷன் எரிகிறது, எக்ஸிகியூட்டுக்கு அரேயாகக் கொடுத்த மதிப்பை அது ஸ்ட்ரிங்காக நினைத்து மேற்கோளிட்டுவிட்டது. லிமிட்டுக்குப் பின் மேற்கோளிட்ட எண்ணை மைஎஸ்கியூஎல் ஏற்காது. எமுலேஷனை அணைக்கலாம். அணைக்க முடியாத பழைய தளமென்றால் பைண்ட்வேல்யூவில் மதிப்பை முழு எண்ணாக மாற்றி, வகையையும் பேரம்_இன்ட் என்று கொடுங்கள். இரண்டையும் செய்யுங்கள், வகையை மட்டும் சொல்லி மதிப்பை ஸ்ட்ரிங்காகவே விட்டால் பழைய பதிப்புகளில் மேற்கோள் திரும்ப வந்துவிடும்.

மேற்கோள் எதுவும் தெரியாமல் 1064 வந்தால், ஒரே பிரிப்பேரில் அரைப்புள்ளி போட்டு இரண்டு கட்டளை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சர்வர் பக்கப் பிரிப்பேர் ஒரு முறைக்கு ஒரு கட்டளையைத்தான் ஏற்கும்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் முடிவு தவறு

என்னைக் கேட்டால் இதுதான் மோசமானது. பிழை வந்தால் யாராவது சொல்வார்கள்; தவறான பட்டியல் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

*வரிசைப்படுத்தல் மாறவே இல்லை.* ஆர்டர் பை ? என்று எழுதி நெடுவரிசைப் பெயரை மதிப்பாக அனுப்பியிருப்பீர்கள். சர்வருக்கு அது ஒரு நிலையான சொல். எல்லாப் பதிவுக்கும் அதே சொல், ஆகவே வரிசைப்படுத்த ஒன்றுமில்லை. பிளேஸ்ஹோல்டர் மதிப்புக்கு மட்டும்தான் நிற்கும். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், ஏறுவரிசை இறங்குவரிசைச் சொல் எதற்கும் நிற்காது. அனுமதிக்கப்பட்ட பெயர்களை ஒரு அரேயில் எழுதி வைத்து, பயனர் கேட்டது அதில் இருந்தால் அந்த அரேயிலிருந்து எடுத்துக் குவெரியில் சேருங்கள். பயனர் அனுப்பியது குவெரிக்குள் போகவே கூடாது, பட்டியலில் நீங்கள் எழுதியதுதான் போக வேண்டும்.

*பல ஐடி கேட்டால் ஒன்றுதான் வருகிறது.* இன் (?) என்று எழுதி ‘4,9,15’ என்ற சரத்தை அனுப்பினால், ஐடி முழு எண்ணாக இருக்கும்போது மைஎஸ்கியூஎல் அந்தச் சரத்தை 4 என்று படித்துக்கொள்ளும். எச்சரிக்கை மட்டும் ஓரமாகப் பதிவாகும், முடிவில் ஒரு பதிவு வரும். எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறி வேண்டும்: அரே_ஃபில் கொண்டு கேள்விக்குறிகளை உருவாக்கி, இம்ப்ளோட் கொண்டு காற்புள்ளியில் இணையுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் இன் () என்று ஆகி 1064 வரும், ஆகவே காலியா என்று முதலில் பார்த்து, அப்படியென்றால் குவெரியையே ஓட்டாமல் வெற்று முடிவைத் திருப்புங்கள். மிகப் பெரிய பட்டியலென்றால் இன்னொரு சுவர் இருக்கிறது: ஒரு ஸ்டேட்மென்ட்டில் 65,535 பிளேஸ்ஹோல்டருக்கு மேல் போனால் 1390 பிழை. மொத்தமாக இன்சர்ட் செய்யும் ஸ்கிரிப்டுகளில்தான் இது முட்டும். 20 நெடுவரிசை என்றால் ஒரு முறைக்கு 3,276 பதிவு தாண்டக்கூடாது. நான் 500 பதிவாகப் பிரித்து அனுப்பச் சொல்வேன்.

*எல்லா நெடுவரிசையிலும் ஒரே மதிப்பு ஏறியிருக்கிறது.* ஃபோர்ஈச் லூப்புக்குள் பைண்ட்பேரம் போட்டிருக்கிறீர்கள். பைண்ட்பேரம் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, மாறியைப் பிடித்து வைக்கிறது; எக்ஸிகியூட் ஓடும் நேரத்தில் அந்த மாறியில் என்ன இருக்கிறதோ அதுதான் போகும். லூப் முடியும்போது மாறியில் கடைசி மதிப்பு மட்டுமே இருக்கும். பைண்ட்வேல்யூ என்று மாற்றினால் தீர்ந்தது. அவுட் பேராமீட்டர் போன்ற தனித் தேவை இல்லாத வரை பைண்ட்பேரம் பக்கமே போக வேண்டாம்.

*நல் மதிப்புள்ள பதிவுகள் சிக்கவில்லை.* வேர் பகுதியில் சமக்குறி போட்டு நல் அனுப்பினால் ஒன்றும் பொருந்தாது. மைஎஸ்கியூஎல்லில் <=> என்ற ஆபரேட்டர் இதற்கென்றே இருக்கிறது.

*எண்ணின் முன்னால் இருந்த சுழியம் காணோம்.* அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், அடையாள எண் ஆகியவற்றை ஐ வகையில் பைண்ட் செய்திருக்கிறீர்கள். கணக்குப் போடாத எண் எல்லாம் எழுத்துதான், எஸ் போடுங்கள். பணத் தொகைக்கும் டி வேண்டாம். டெசிமல் நெடுவரிசைக்கு எஸ் வகையில் அனுப்பினால் இலக்கம் சிதையாமல் போய்ச் சேரும்.

*அப்டேட் ஆனது, ஆனால் பாதித்த பதிவு 0 என்கிறது.* புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாக இருந்தால் மைஎஸ்கியூஎல் அதை மாற்றமாக எண்ணாது. பொருந்திய பதிவுகளின் எண்ணிக்கை வேண்டுமென்றால் பிடிஓ இணைப்பில் ஃபவுண்ட்_ரோஸ் ஆப்ஷனை எரியவிடுங்கள்.

அறிகுறி: 1366, முழு எண் நெடுவரிசையில் '' என்ற தவறான மதிப்பு

டிக் பெட்டி இருக்கும் படிவத்தில் வரும். எக்ஸிகியூட்டுக்கு அரேயாகக் கொடுக்கும் எல்லாமே ஸ்ட்ரிங்காக மாறும்; ட்ரூ '1' ஆகும், ஃபால்ஸ் வெற்றுச் சரமாகும். அதனால்தான் டிக் செய்தால் சேமிக்கிறது, டிக்கை எடுத்தால் விழுகிறது. அனுப்பும் முன் முழு எண்ணாக மாற்றுங்கள். ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துப் பிழையை மறைக்கச் சொல்லும் ஆலோசனைகளை நம்ப வேண்டாம். பிழையாக வருவது நின்று, தவறான தரவாக உள்ளே போக ஆரம்பிக்கும்.

அறிகுறி: கெட்_ரிசல்ட் என்ற மெத்தடே இல்லை என்கிறது

அந்தச் சர்வரின் மைஎஸ்கியூஎல்ஐ, மைஎஸ்கியூஎல்என்டி நூலகத்தோடு கட்டப்படவில்லை. ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் என்டி_மைஎஸ்கியூஎல்ஐ என்று ஒரு டிக் பெட்டி இருந்தால் அதை எரியவிட்டு மற்றதை அணையுங்கள். பிஎச்பி 8.2 முதல் மைஎஸ்கியூஎல்ஐயை வேறு நூலகத்தோடு கட்டவே முடியாது என்பதால், பதிப்பை உயர்த்தினாலும் தீரும். இரண்டும் முடியாவிட்டால் பைண்ட்_ரிசல்ட் கொண்டு ஒவ்வொரு நெடுவரிசையையும் மாறியில் வாங்கலாம், எழுத்து வேலை அதிகம், ஆனால் ஓடும்.

அறிகுறி: 2014, ‘கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்’

முந்தைய குவெரியின் முடிவை முழுதாக வாங்காமல் அடுத்ததை அனுப்பியிருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல்ஐயில் ஸ்டேட்மென்ட்டை ஓட்டி வரிவரியாக ஃபெட்ச் செய்துகொண்டே, லூப்புக்குள் இன்னொரு ஸ்டேட்மென்ட்டைத் திறப்பதுதான் வழக்கமான காரணம். எக்ஸிகியூட்டுக்குப் பின் ஸ்டோர்_ரிசல்ட் அல்லது கெட்_ரிசல்ட் போட்டு முடிவைப் பிஎச்பி பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பிடிஓவில் ஃபெட்ச்ஆல், அல்லது தேவை முடிந்ததும் க்ளோஸ்கர்சர்.

ஸ்டோர்டு புரொசீஜரை அழைத்த பிறகுதான் வருகிறதென்றால் கதை வேறு. புரொசீஜர் உங்கள் தரவுக்குப் பின் ஒரு வெற்று நிலை முடிவையும் அனுப்பும். அதையும் வாங்கித் தீர்க்க வேண்டும்: பிடிஓவில் நெக்ஸ்ட்ரோசெட், மைஎஸ்கியூஎல்ஐயில் நெக்ஸ்ட்_ரிசல்ட். சரி, லூப்புக்குள் குவெரி ஏன் என்றும் இந்தச் சாக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒரு ஜாயின் போட்டால் உள் குவெரியே தேவைப்படாது.

அறிகுறி: தமிழ் எழுத்து ???? என்று சேமிக்கப்படுகிறது

தரவுத்தளத்தில் உண்மையாகவே கேள்விக்குறிகள் இருந்தால் எழுத்து ஏற்கனவே அழிந்துவிட்டது. அமைப்பைத் திருத்தினால் இனி வருவது சரியாகும், பழையது மீளாது. பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். கேள்விக்குறிக்குப் பதில் மேல்நாட்டு எழுத்துக் குப்பை போலத் தெரிந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த மாற்றத்தை நேரலைத் தரவில் நீங்களே முயல வேண்டாம், இங்கே தரவுத்தள வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தவறான திசையில் ஒருமுறை மாற்றினால் இருந்த வாய்ப்பும் போய்விடும்.

புதிய எழுத்துகளுக்கு: இணைப்பில் கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4. பிடிஓவில் டிஎஸ்என்னில், மைஎஸ்கியூஎல்ஐயில் செட்_சார்செட் மூலம். செட் நேம்ஸ் என்ற குவெரியை ஓட்டி அதைச் செய்யாதீர்கள். சர்வருக்குத் தெரியும், பிஎச்பி பக்கம் மேற்கோளிடும் நூலகத்துக்குத் தெரியாது. பிறகு டேபிளையும், முக்கியமாக நெடுவரிசையையும் பாருங்கள். டேபிளின் இயல்பை மாற்றினாலும் பழைய நெடுவரிசை லாட்டின்1 ஆகவே இருக்கலாம். தமிழ் சரியாக ஏறி எமோஜி மட்டும் பிழை தந்தால், நெடுவரிசை பழைய 3 பைட் யுடிஎஃப்8-இல் இருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கு 3 பைட் போதும், எமோஜிக்கு 4 வேண்டும்.

அறிகுறி: பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு மாறிய பின் மெதுவாகிவிட்டது

முதலில், பிரிப்பேர் லூப்புக்குள் இருக்கிறதா? வெளியே எடுத்துவிட்டு, எக்ஸிகியூட்டை மட்டும் உள்ளே வையுங்கள். சர்வர் பக்கப் பிரிப்பேரில் ஒவ்வொரு பிரிப்பேருக்கும் தனியாக ஒரு முறை சர்வருக்குப் போய்வர வேண்டும்.

அடுத்து, ஆயிரக்கணக்கான இன்சர்ட்டென்றால் டிரான்சாக்‌ஷன் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்னோடிபி தன் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக டிஸ்க்கில் உறுதிசெய்யும். பிகின்டிரான்சாக்‌ஷன், லூப், கமிட் என்று வைத்தாலே வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

ஒரே ஒரு செலக்ட் மட்டும் மெதுவாக இருந்தால் பைண்ட் வகையைச் சந்தேகியுங்கள். வார்சார் நெடுவரிசையை ஐ வகை எண்ணோடு ஒப்பிட்டால் மைஎஸ்கியூஎல்லால் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது, முழு டேபிளையும் படிக்கும். எக்ஸ்பிளெய்ன் போட்டு, மேற்கோளோடு ஒருமுறை, மேற்கோள் இல்லாமல் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சுழியம் காணாமல் போன அதே தவறுதான் இங்கே வேகத்தையும் தின்கிறது.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சில மணி நேரத்தில் அல்லது கூட்டம் கூடும்போது விழுகிறது

இங்கிருந்து கோளாறு குறியீட்டை விட்டு சர்வர் பக்கம் நகர்கிறது. பிழை எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள்.

*2006, சர்வர் போய்விட்டது.* பின்னணியில் நாள்முழுக்க ஓடும் ஸ்கிரிப்ட் என்றால், சும்மா இருந்த இணைப்பைச் சர்வர் துண்டித்திருக்கும். வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம். ஹோஸ்டிங்கில் இது மிகக் குறைவாகவும் வைக்கப்பட்டிருக்கும். இணைப்பைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, ஸ்டேட்மென்ட் பழைய இணைப்போடு செத்துவிட்டது. மறுபடி பிரிப்பேர் செய்ய வேண்டும். பெரிய கோப்பைச் சேமிக்கும்போது மட்டும் வந்தால் மேக்ஸ்_அலவ்டு_பேக்கெட்டைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7-இல் அது இயல்பாக 4 எம்பி, 8.0-இல் 64 எம்பி.

*1461, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் அளவு தாண்டியது.* இயல்பு வரம்பு 16,382. இது உங்கள் ஸ்கிரிப்டுக்கு மட்டுமல்ல, சர்வரில் உள்ள எல்லா இணைப்புக்கும் சேர்த்து. ஸ்டேட்மென்ட்களை அரேயிலோ ஸ்டேடிக் மாறியிலோ சேர்த்து வைத்துக்கொண்டே போகும் பின்னணி ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்புறம் பெர்சிஸ்டன்ட் இணைப்பு. குளோபல் ஸ்டேட்டஸில் பிரிப்பேர்டு_எஸ்டிஎம்டி_கவுன்ட் மதிப்பை இடைவெளி விட்டுப் பாருங்கள்: ஏறிக்கொண்டே போய் இறங்கவில்லை என்றால் கசிவு. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் பிரிப்பேர்டு_ஸ்டேட்மென்ட்ஸ்_இன்ஸ்டன்சஸ் என்ற டேபிள் யார் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். வரம்பை உயர்த்தினால் விழுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். பகிர்வு ஹோஸ்டிங்கில் கசிவு அடுத்தவர் தளத்திலும் இருக்கலாம். உங்கள் எண்ணிக்கை சீராக இருந்தால் நேரத்தை வீணாக்காமல் ஹோஸ்டிங் ஆதரவுக்கு எழுதுங்கள்.

*1615, மறுபடி பிரிப்பேர் தேவை.* வியூ பயன்படுத்தும் தளங்களில், டேபிள் எண்ணிக்கை அதிகமுள்ள சர்வர்களில் வரும். டேபிள்_டெஃபினிஷன்_கேஷ் சிறியதாக இருப்பது முதன்மைக் காரணம். அதை உயர்த்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால், உயர்த்தும்வரை அந்தக் குவெரிக்கு மட்டும் எமுலேஷனை எரியவிட்டுச் சமாளிக்கலாம். மைஎஸ்கியூஎல்ஐயில் அந்த வசதி இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த மூன்றுக்கும் நிபுணரைக் கூப்பிடும்போது வெறுமனே ‘தளம் விழுகிறது’ என்று சொல்லாதீர்கள். பிழை எண், நிகழ்ந்த நேரம், விழுந்த குவெரி, பிஎச்பி பதிப்பு, தரவுத்தளப் பதிப்பு, எமுலேஷன் நிலை, பிரிப்பேர்டு_எஸ்டிஎம்டி_கவுன்ட் மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். குவெரியில் உள்ள பயனர்களின் சொந்தத் தகவல்களை மட்டும் நீக்கிவிடுங்கள்.

*போஸ்ட்கிரெஸில், ‘இந்தப் பெயரில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இல்லை’.* இடையில் பிஜிபவுன்சர் போன்ற பூலர் (தரவுத்தள இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிரல்) டிரான்சாக்‌ஷன் முறையில் ஓடுகிறது. ஓர் இணைப்பில் பிரிப்பேர் செய்தது, எக்ஸிகியூட் வரும்போது வேறு இணைப்பில் போய் நிற்கிறது. பிஜிபவுன்சர் 1.21 இதற்கு ஆதரவு கொண்டுவந்தது. ஆனால் பழைய பிஎச்பிகளின் பிடிஓ, ஸ்டேட்மென்ட்டை மூடும்போது டீஅலோகேட் என்று சாதாரண எஸ்கியூஎல் கட்டளை அனுப்புவதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. இந்த ஓர் இடத்தில் நான் எமுலேட் பிரிப்பேர்ஸை எரியவிடத் தயங்குவதில்லை: கேரக்டர் செட் யுடிஎஃப்8 ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆப்ஷனை எரியவிடுங்கள், பிழை அப்போதே நிற்கும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் குறியீட்டில் எங்கோ பிரிப்பேர் என்ற எஸ்கியூஎல் கட்டளையைக் கையால் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதைத் தேடி எடுங்கள், அல்லது அந்த ஒரு பணிக்கு மட்டும் செஷன் முறையில் தனிப் பூல் ஒன்றைத் திறந்து தரச் சொல்லித் தரவுத்தள நிர்வாகியிடம் கேளுங்கள்.